கணப்பருகே ஒலித்த காவியம்

உலகப் புத்தக நாளான ஏப்ரல் 23, ஆங்கிலக் கவிஞர் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த்தின் நினைவு நாளுமாகும். 1850-இல் அவர் மறைந்தபோது, அவருடைய தலைசிறந்த படைப்பு நூலாக வெளிவந்திருக்கவில்லை. எழுதி முடித்து 45 ஆண்டுகளாகியும், நெருங்கிய சிலரே அதனை முழுமையாக அறிந்திருந்தனர்.

1770-இல் வடமேற்கு இங்கிலாந்தின் காக்கர்மவுத்தில் பிறந்த வேர்ட்ஸ்வொர்த், எட்டு வயது நிறையுமுன் தாயையும், 13 வயதில் தந்தையையும் இழந்தார். இளமையில் பிரெஞ்சுப் புரட்சியின்மீது பெருநம்பிக்கை கொண்டு, அது குருதியில் தோய்ந்தபோது மனமுடைந்தார். தங்கை டோரதியின் அன்பும், கவிஞர் கோல்ரிட்ஜின் நட்பும் அவரை மீட்டன. கவிஞர்கள் இருவரும் இணைந்து 1798-இல் வெளியிட்ட 'லிரிக்கல் பேலட்ஸ்' ஆங்கிலக் கவிதையின் போக்கையே மாற்றியது.

தன் உள்ளம் கவியுள்ளமாக வளர்ந்த வரலாற்றை, கோல்ரிட்ஜை விளித்துச் சொல்லும் நெடுங்கவிதையாக 1805-இல் எழுதி முடித்தார் வேர்ட்ஸ்வொர்த். அப்போது மால்டா தீவில் இருந்த கோல்ரிட்ஜ், அபினிப் பழக்கத்தால் நலிந்து மறு ஆண்டு நாடு திரும்பினார்.

1807 ஜனவரியில், லெஸ்டர்ஷையரின் கோலார்ட்டன் கிராமத்துப் பண்ணை வீட்டில், அக்கவிதையை வேர்ட்ஸ்வொர்த் உரக்கப் படித்தார். 13 பகுதிகள், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட வரிகள். குளிர்கால இரவுகள் பல கடந்தன. மனைவி மேரி, அவர் தங்கை சாரா, டோரதி ஆகியோருடன் அமர்ந்து கோல்ரிட்ஜ் கேட்டார். நண்பரின் நிறைவில் தன் சரிவையும் அவர் கண்டிருப்பார். பொறாமைக்கு இடமிருந்தது, ஆயினும், வாசிப்பு முடிந்த இரவிலேயே அவர் எழுதத் தொடங்கிய பதில் கவிதை, தன் துயரை மறைக்காமலே நண்பரைப் போற்றியது.

1810-இல் நேர்ந்த மனத்தாங்கல் இருவரையும் பிரித்தது. பின்னர் சமாதானம் ஏற்பட்டும் பழைய நெருக்கம் திரும்பவில்லை. 1834-இல் கோல்ரிட்ஜ் மறைந்தார். தன்னைப் பற்றி இத்துணை நீளமாகப் பேசுவது தகுமா என்ற கூச்சமும், இதனை முன்னுரையாகக் கொண்டு எழுத எண்ணிய பெருங்காவியம் முற்றுப்பெறாமையும் வேர்ட்ஸ்வொர்த்தைத் தடுத்தன. 1843-இல் அரசவைக் கவிஞரானபோதும் அவர் அதனை வெளியிடவில்லை; பல்லாண்டுகள் திருத்தினார். நண்பரை விளித்துப் பேசும் அமைப்பை மட்டும் மாற்றவில்லை.

அவர் மறைந்த சில மாதங்களில், மேரி சூட்டிய 'தி பிரிலூட்' என்னும் தலைப்பில் அது நூலாயிற்று. உலகம் படிக்குமுன் அதனை முழு மனத்துடன் கேட்டவர்கள், அப்பண்ணை வீட்டில் கணப்பருகே அமர்ந்திருந்த ஒரு சிலர். புத்தக நாளில் நூல்களை வாங்குகிறோம். ஒன்றையேனும் நண்பர்கள் கூடி உரக்கப் படித்துக் கேட்டால், இந்நாளுக்கு அதுவும் சிறப்பே.