விர்சுங்கும் கணைய நாளமும்

கணையத்தின் முதன்மை நாளத்தை மருத்துவர்கள் விர்சுங் நாளம் என்றும் குறிப்பிடுவர். உங்களுடைய அல்லது உங்கள் குழந்தையின் பரிசோதனை அறிக்கையில் இந்நாளத்தின் அமைப்பு மாறுபட்டுள்ளதாகக் கூறப்பட்டிருப்பின், அதனை விளங்கிக்கொள்ள இவ்வரலாறு துணைபுரியும்.

விர்சுங் யார்?

யோகான் கேயார்க் விர்சுங் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தில் 1630-இல் மருத்துவப் பட்டம் பெற்று, அங்கேயே உடற்கூற்றியல் பணியில் ஈடுபட்டார். 1642 மார்ச் 2 அன்று, தூக்கிலிடப்பட்ட ஒருவரின் உடலை அறுத்து ஆராய்ந்தபோது, கணையத்தின் நெடுகிலும் சென்று முன்சிறுகுடலில் திறக்கும் ஒரு குழாயைக் கண்டார். அதில் இரத்தம் இல்லை. அதன் பணி என்னவென்று அவருக்கு விளங்கவில்லை. அதன் படத்தைச் செப்புத் தகட்டில் செதுக்கி, அச்சுப்படிகளை அக்காலத்து உடற்கூற்றியல் அறிஞர்களுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார். விடை தெளிவாகும் முன்பே, 1643 ஆகஸ்ட் 22 அன்று தம் வீட்டருகே சுட்டுக் கொல்லப்பட்டார். அக்குழாய் செரிமான நீரைக் குடலுக்குக் கொண்டுசெல்கிறது என்பது பிற்கால ஆய்வுகளால் தெளிவாயிற்று. 1664-இல் டச்சு மருத்துவர் ரெக்னியர் டி கிராஃப், நாயிடமிருந்து கணைய நீரைச் சேகரித்து அதைப் பற்றி எழுதினார்.

கருவில் நிகழ்வது

விர்சுங் ஒரே குழாயாகக் கண்டது, உண்மையில் இரு குழாய்களின் இணைப்பாகும். கருவின் ஐந்தாம் வார அளவில், முன்சிறுகுடலாக மாறவிருக்கும் குடற்பகுதியிலிருந்து முதுகுப்புறம் ஒன்றும் வயிற்றுப்புறம் ஒன்றுமாக இரு மொட்டுகள் தோன்றுகின்றன. சிறியதான வயிற்றுப்புற மொட்டு, பித்தநாளத்துடன் குடலைச் சுற்றிப் பின்புறம் நகர்ந்து மற்றதோடு சேர்கிறது. பின்னர் இரண்டின் நாளங்களும் இணைந்து முதன்மை நாளம் உருவாகிறது. பித்தநாளமும் கணைய நாளமும் பெரும்பாலும் ஒரே வாயில் திறப்பதற்கு இதுவே காரணம்.

மாறுபாடுகள்

மொட்டுகள் சேர்ந்தும் நாளங்கள் இணையாதிருப்பின், அது பிரிந்த கணைய நாளம் எனப்படும். ஏறத்தாழ நூற்றில் 5 முதல் 10 பேருக்கு இவ்வமைப்பு உண்டு. அவர்களுள் பெரும்பாலோருக்கு எத்தொல்லையும் இல்லை, சிகிச்சையும் தேவையில்லை. சிலருக்கு மட்டும் கணைய அழற்சி மீண்டும் மீண்டும் ஏற்படலாம்.

வயிற்றுப்புற மொட்டு முறையாக நகராவிடில், கணையத் திசு முன்சிறுகுடலை வளையம்போல் சூழக்கூடும். இதுவே வளையக் கணையம். குடலில் அடைப்பு ஏற்பட்டால் அறுவை சிகிச்சை தேவைப்படும். பொதுவாக அவ்வளையத்தை வெட்டாமல், அடைப்பைத் தாண்டி உணவு செல்ல மாற்றுவழி அமைக்கப்படுகிறது.

கருவுற்ற காலத்தில் தாய் உண்ட உணவோ செய்த வேலையோ இம்மாறுபாடுகளுக்குக் காரணம் என்பதற்குச் சான்று இல்லை. எனவே, பெற்றோர் தம்மையோ ஒருவரையொருவரோ குறைகூறிக்கொள்ள வேண்டியதில்லை.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய அறிகுறிகள்

• பிறந்த குழந்தை பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தல்
• பாலருந்தியதும் தொடர்ந்து வாந்தி எடுத்தல்
• மேல்வயிற்றில் தோன்றி முதுகிற்குப் பரவும் கடும் வலி

முந்தைய ஸ்கேன் அறிக்கைகளையும் தவறாமல் உடன் எடுத்துச் செல்லுங்கள்.