புரியும்படி சொல்லத் தெரிந்த ஒரு இன்ஜினியர்

லேப்ல உட்கார்ந்து சி புரோகிராம் எழுதின எல்லாருக்கும் இந்த வரி பழக்கம்: 'செக்மென்டேஷன் ஃபால்ட், கோர் டம்ப்ட்.' எந்த இடத்தில் தப்பு, என்ன தப்பு, அடுத்து என்ன செய்யணும், எதுவும் சொல்லாது. நடந்தது இவ்வளவுதான்: உங்க புரோகிராம் தனக்கு ஒதுக்காத மெமரியைத் தொடப் போச்சு, ஆபரேட்டிங் சிஸ்டம் அதை நிறுத்திடுச்சு. சரி, அந்த 'கோர்' என்ன? 1950களிலிருந்து 70கள் வரைக்கும் கம்ப்யூட்டர் மெமரியைச் சின்னச் சின்ன ஃபெரைட் வளையங்களைக் கம்பியில் கோத்துச் செய்தார்கள். அந்த வளையத்துக்குப் பேர் கோர். வளையங்கள் மியூசியத்துக்குப் போயாச்சு, மெசேஜ் மட்டும் நம்ம லேப்லயே இருக்கு. யூனிக்ஸின் பழைய 'எட்' எடிட்டர் இதைவிட மோசம். நீங்க என்ன தப்பு செஞ்சாலும் ஒரே ஒரு கேள்விக்குறியைக் காட்டிட்டு சும்மா இருக்கும்.

இப்படி எழுதினவங்க எல்லாரும் கெட்டிக்காரங்கதான். தெரியாத ஒருத்தர் எந்த இடத்தில் தடுக்கி விழுவார்ங்கிறது மட்டும் அவங்களுக்குப் பிடிபடலை. அது பிடிபட்ட ஒரு இன்ஜினியர் நம்ம காவிரிக்கு அந்தப் பக்கம், ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தார். பேர் எஸ். ரங்கராஜன். சுஜாதா என்று சொன்னால்தான் உங்களுக்குத் தெரியும். 'இந்தியன்', 'முதல்வன்', 'அந்நியன்', 'சிவாஜி' படங்களுக்கு வசனம் எழுதியவர் என்பதோடு நம்மில் பல பேர் நிறுத்திக்கிறோம். அவர் 2008 பிப்ரவரி 27 அன்று இறந்தபோது நீங்க பால்வாடிக்குக்கூடப் போயிருக்க மாட்டீங்க. அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

பிறந்தது 1935 மே 3, சென்னை திருவல்லிக்கேணியில். அப்பாவுக்கு அடிக்கடி டிரான்ஸ்ஃபர் ஆகும் உத்தியோகம் என்பதால் பையன் ஸ்ரீரங்கத்தில் பாட்டியிடம் வளர்ந்தான். அந்தத் தெருக்களும் மனிதர்களும் பின்னால் 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' ஆனது தனிக்கதை. ஸ்ரீரங்கத்தில் பள்ளிப் படிப்பு, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல், அப்புறம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரானிக்ஸ். அப்துல் கலாமும் அதே செயின்ட் ஜோசப், அதே எம்.ஐ.டி.தான்.

முதல் வேலை விமானப் போக்குவரத்துத் துறையில், ஏர் டிராஃபிக் கன்ட்ரோலர். அந்த வேலையில் பேச்சுக்கே இலக்கணம் உண்டு. கன்ட்ரோலர் சொன்ன உயரம், திசை, ரன்வே எண்ணை பைலட் திருப்பிச் சொல்லணும். தப்பாத் திருப்பிச் சொன்னால் அங்கேயே திருத்தணும். 'நான் சரியாத்தான் சொன்னேன், அவருக்குப் புரியலை' என்ற சாக்கு அங்கே எடுபடாது. பின்னால் வந்த சுஜாதாவின் சுருக்கமான வாக்கியங்களுக்கு இந்த வேலையும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

கதை எழுத ஆரம்பித்தபோது ஒரு சிக்கல். குமுதத்தில் ஏற்கெனவே ரா.கி. ரங்கராஜன் இருந்தார். ஒரே ஸ்கோப்பில் ஒரே பேரில் ரெண்டு வேரியபிள்! மனைவி பேரை எடுத்துக்கொண்டார், சுஜாதா ஆனார்.

அடுத்து பெங்களூர், பாரத் எலெக்ட்ரானிக்ஸ். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை அங்கே உருவாக்கிய வேலையை மேற்பார்த்தவர் இவர். அதற்காக வாஸ்விக் விருதும் கிடைத்தது. ஒருத்தரே செய்தார் என்று பெருமைக்காகச் சொல்லக் கூடாது. ஹைதராபாதின் இ.சி.ஐ.எல். நிறுவனத்துக்கும், பெட்டியின் வடிவத்தில் ஐ.ஐ.டி. பம்பாய் பேராசிரியர்களுக்கும் பங்கு உண்டு. ஆனா இந்த இயந்திரத்தை ஒரு யூஸர் இன்டர்ஃபேஸா நினைச்சுப் பாருங்க. இதைப் பயன்படுத்தப் போகிறவர் எழுதப் படிக்கத் தெரியாதவராக இருக்கலாம். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறைதான் தொடுவார். மேனுவல் படிக்க மாட்டார். பக்கத்தில் நின்று யாரும் உதவவும் கூடாது, ஏன்னா வாக்கு ரகசியம்.

அதனால வாக்காளர் பக்கம் இருக்கும் பெட்டியில் பெயர், சின்னம், நீலப் பட்டன், ஒரு பச்சை விளக்கு. பச்சை எரிந்தால் தயார். பட்டனை அழுத்தினால் சின்னத்துக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும், 'பீப்' என்று நீளமா ஒரு சத்தம். முடிந்தது. பதற்றத்தில் ஒருத்தர் அதே பட்டனை நாலு தரம் அழுத்தினால்? ஒன்றும் ஆகாது. முதல் அழுத்தம் மட்டும் கணக்கு. அலாரம் இல்லை, மிரட்டல் இல்லை. அதிகாரி அடுத்த வாக்குக்கான பட்டனைத் தட்டும் வரைக்கும் பெட்டி எதையும் வாங்காது. எரர் மெசேஜ் இருக்கு, ஆனா அது அதிகாரியிடம் இருக்கும் கன்ட்ரோல் யூனிட்டில் வரும். கேபிள் சரியா இணையலைன்னா 'லிங்க் எரர்'னு காட்டும். கேபிளைப் பாருன்னு அர்த்தம். சரிசெய்ய முடிந்தவரிடம் மட்டும் பிழையைச் சொல்வது என்ற இந்த ஏற்பாட்டை நாம எழுதுற ஆப்களில் எத்தனை முறை பார்த்திருக்கோம்?

கேரளாவின் பரூர் தொகுதியில் 1982ல் 50 வாக்குச்சாவடிகளில் முதல்முறையா மின்னணு வாக்குப்பதிவு நடந்தது. 1984ல் உச்ச நீதிமன்றம் அது செல்லாதுன்னு சொல்லிடுச்சு. காரணம், சட்டத்திலும் விதிகளிலும் இயந்திரத்துக்கு இடமே இல்லை. டாக்குமென்டேஷன் பின்தங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியலை. 1988 கடைசியில் சட்டத்தைத் திருத்தினார்கள். 2004ல் மக்களவைத் தேர்தல் முழுக்க இயந்திரத்தில் நடந்தது.

இந்த வேலைக்கு நடுவிலேயே எழுத்து. ஜூனியர் விகடனில் 'ஏன்? எதற்கு? எப்படி?' என்று வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில். 'சிலிக்கன் சில்லுப் புரட்சி' என்று மைக்ரோசிப்பைப் பற்றி ஒரு நூல், 'தலைமைச் செயலகம்' என்று மூளையைப் பற்றி ஒன்று. தலைப்பிலேயே பாதி விளக்கம் வந்துடுது, கவனிச்சீங்களா? இங்கிலீஷ் வார்த்தையைத் தமிழ் எழுத்தில் அப்படியே எழுத அவர் கூச்சப்படலை. அதற்காகத் திட்டியவர்கள் உண்டு. எனக்கும் சில இடங்களில், அழகான தமிழ்ச் சொல் கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது, ஏன் விட்டார்னு தோணும். அவசரமா முடித்துவிட்ட பதில்களும் இருக்கு. ஆனா ஒரு சாதனம் எப்படி வேலை செய்யுதுங்கிறதை அவர் தாண்டிப் போனது அபூர்வம். சொல்லை மட்டும் மொழிபெயர்த்து வைத்துவிட்டால் 'கோர் டம்ப்ட்' தமிழிலும் கோர் டம்ப்ட்தான்.

கடைசி வருஷங்களில் இதே வேலையைப் பழைய இலக்கியத்துக்குச் செய்தார்: புறநானூற்றுக்கு ஓர் எளிய அறிமுகம், ஆழ்வார்களுக்கு ஓர் எளிய அறிமுகம், திருக்குறளுக்குப் புதிய உரை. ஸ்ரீரங்கத்துக்காரருக்கு இது புதுசு கிடையாது. உரை எழுதுவதற்கே பேர்போன ஊர் அது. 13ஆம் நூற்றாண்டில் பெரியவாச்சான் பிள்ளை திருவாய்மொழிக்கு எழுதிய உரையை இருபத்து நாலாயிரப்படி என்பார்கள். 32 எழுத்து ஒரு படி, அப்படி 24,000. மூல நூலைவிட மேனுவல் பல மடங்கு பெரிசு! ஆனா அந்த உரைகள் சமஸ்கிருதம் கலந்த மணிப்பிரவாள நடை. இன்றைக்கு அவற்றைப் படிக்கவே இன்னொரு உரை வேணும். அந்த இடத்தில்தான் சுஜாதாவின் எளிய அறிமுகங்கள் வந்து உட்கார்ந்தன.

மக்களிடம் அறிவியலைக் கொண்டுபோனதற்காக 1993ல் மத்திய அரசின் தேசிய அறிவியல் தொழில்நுட்பத் தகவல் தொடர்புக் குழுவின் விருது அவருக்குக் கிடைத்தது.

படிக்கணும்னு தோணினா அவருடைய பழைய கம்ப்யூட்டர் கட்டுரைகளில் ஆரம்பிக்காதீங்க, அந்தக் கால மெஷின்களை நீங்க பார்த்தே இருக்க மாட்டீங்க. 'தலைமைச் செயலகம்' எடுங்க. கதைதான் வேணும்னா 'என் இனிய இயந்திரா': 80களில் எழுதியது, 2021ல் நடப்பது, அதில் ஜீனோ என்று ஒரு ரோபோ நாய். புத்தகங்களைப் படித்துப் படித்தே அறிவு வளர்க்கும் அது. இன்றைய லாங்குவேஜ் மாடல்களைப் பார்த்துவிட்டு ஜீனோவைப் படிக்கும் அனுபவம், அந்தக் கதையைத் தொடராகப் படித்தவர்களுக்குக் கிடைக்காதது.