மல்பீகி விட்டுச்சென்ற வினா

குருதியோட்டத்தை விளக்கும் வில்லியம் ஹார்வியின் நூல் வெளிவந்த அதே 1628 ஆம் ஆண்டில், இத்தாலியின் பொலோஞா நகருக்கு அண்மையிலுள்ள கிரெவல்கோரே என்ற ஊரில் மார்செல்லோ மல்பீகி பிறந்தார். நாடிகளிலிருந்து நாளங்களுக்குக் குருதி செல்லும் வழியை ஹார்வியால் காண முடியவில்லை. 1661 இல் தவளையின் நுரையீரலை நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்த மல்பீகி, இரண்டையும் இணைக்கும் மயிர்த்துளைக் குழாய்களைக் கண்டு அக்குறையைத் தீர்த்தார்.

அவரது பார்வை அடுத்துச் சிறுநீரகத்தின் மீது திரும்பியது. மதுசாரம் கலந்த கரிய திரவத்தைச் சிறுநீரக நாடியினுள் செலுத்தி, உறுப்பை வெட்டி நோக்கினார். குருதிக் கலன்களின் நுனிகளில், கிளைகளில் தொங்கும் அப்பிள் பழங்களைப் போல, நுண்ணிய உருண்டைகள் கறுத்துத் தெரிந்தன. 1666 இல் வெளிவந்த நூலில் அவர் விவரித்த அந்த உருண்டைகளே கலன்கோளங்கள். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் அவை ஏறத்தாழ பத்து இலட்சம் உள்ளன என்பதை இன்று அறிவோம்.

ஆனால், அவை சிறுநீர்க் குழாய்களுடன் எவ்வாறு இணைகின்றன? பலவாறு முயன்றும் மல்பீகியால் அதைக் காண இயலவில்லை. இணைப்பு இருந்தே ஆகவேண்டும் என்று அவர் கருதினார். எனினும், கருதியதைக் கண்டதாக எழுதவில்லை. அவரது பெருமை இங்கேதான் இருக்கின்றது.

சொந்த நகரில் அவருக்குக் கிடைத்தது எதிர்ப்பே. நுண்ணுறுப்புகளை ஆராய்வதால் நோயாளிக்கு என்ன பயன் என்று பழைமைவாத மருத்துவர்கள் ஏளனம் செய்தனர். லண்டன் றோயல் சங்கமோ அவரை அங்கத்தவராக்கி, அவரது ஆய்வுகளை வெளியிட்டது. 1684 இல் அவரது இல்லம் தீக்கிரையானது; நுணுக்குக்காட்டிகளும் கையெழுத்துப் பிரதிகளும் அழிந்தன. 1691 இல் பாப்பரசரின் மருத்துவராக றோமுக்கு அழைக்கப்பட்ட அவர், 1694 இல் அங்கேயே காலமானார்.

அவர் விட்டுச்சென்ற வினாவுக்கு 1842 இல் விடை கிடைத்தது. இருபத்தைந்து வயது ஆங்கில மருத்துவரான வில்லியம் போமன், கலன்கோளத்தைச் சூழ்ந்த உறை சிறுநீர்க் குழாயின் தொடக்கமே என்று காட்டினார். 1924 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அவ்வுறையிலிருந்து வடிதிரவத்தையே உறிஞ்சியெடுத்துச் சோதித்தனர். அதற்கும் துணைநின்றது தவளையே!

இன்று சிறுநீரகத்தின் சிறு துணுக்கை எடுத்து நோயை ஆராயும் மருத்துவர், அந்தக் கலன்கோளங்களையே உற்று நோக்குகின்றார். மல்பீகியின் ஆய்வால் நோயாளிக்கு என்ன பயன் என்று கேட்டோருக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை. கண்டதற்கும் கருதியதற்கும் இடையே அவர் நேர்மையாக ஒரு கோடு வரைந்திருந்தார். பின்வந்தோர் எங்கிருந்து தொடங்குவது என்பதை அந்தக் கோடே காட்டியது.