சித்திரக் கலைஞர் மர்ஹூம் அன்வர் ஜலால் ஷெம்ஸா

வர்த்தகம் செய்து பிழைக்கும் நமக்குச் சித்திரக்காரர்களின் வரலாறு எதற்கு என்று லிங்கி வட்டாரத்து அன்பர்கள் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். காலையில் கடையைத் திறந்து, சரக்கை அடுக்கி, இரவில் பேரேட்டைப் பார்த்துவிட்டுப் படுப்பவர்களுக்குச் சீமையில் வாழ்ந்து மறைந்த ஓர் ஓவியரால் ஆவதென்ன? ஆயினும், இம்முறை நாம் எடுத்துக்கொண்ட மர்ஹூம் அன்வர் ஜலால் ஷெம்ஸா அவர்கள் கம்பள வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். தம் பரம்பரைச் சரக்கு மதிப்பில் தாழ்ந்தது என்று கற்றறிந்தோர் சபையில் சொல்லக் கேட்டவர். அதற்கு அவர் தேடிய பதிலே அவருடைய வாழ்க்கையாக அமைந்தது. ஆகவே அது நமக்கும் உரிய வரலாறுதான்.

முதலில் ஒன்றைத் தெளிவு செய்துகொள்வோம். ஷெம்ஸா அவர்களுக்குப் புகழ் தேடித் தந்தவை மனிதரையோ மரத்தையோ பார்த்தபடி வரைந்த படங்கள் அல்ல. அருவ ஓவியம் என்று சொல்லப்படும் வகையைச் சேர்ந்தவை. பெயரைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. நம் கடையில் இருக்கும் கைலி ஒன்றை விரித்துப் பாருங்கள். மலாய் சகோதரர்கள் அதைக் காயின் பெலிக்காட் என்கிறார்கள்; சோழமண்டலக் கரையின் பழவேற்காட்டுத் துறைமுகத்தின் பெயரால் வந்த பெயர் அது. அதில் பறவை இல்லை, பூ இல்லை. கோடும் கட்டமும் நிறமும் மட்டுமே உண்டு. இது எதைக் காட்டுகிறது என்று எந்த வாடிக்கைக்காரரும் நம்மைக் கேட்பதில்லை. கட்டம் ஒழுங்காக விழுந்திருக்கிறதா, நிறங்கள் ஒன்றோடொன்று சேருகின்றனவா என்றுதான் பார்க்கிறார். அருவ ஓவியத்தையும் அந்தக் கண்ணோடு பார்த்தால் போதும்.

ஷெம்ஸா அவர்கள் 1928-ம் ஆண்டு ஜூலை 14-ம் தேதி இந்தியாவில் சிம்லா நகரில் பிறந்தார். காஷ்மீரமும் பஞ்சாபும் கலந்த வம்சம் அவருடையது. பஞ்சாபின் லூதியானாவில் அக்குடும்பத்துக்குக் கம்பள வியாபாரமும், ராணுவ உடைகளுக்குப் பின்னல் வேலை செய்துகொடுக்கும் தொழிலும் இருந்தன. கம்பளத்தின் வரிசை வரிசையான வடிவங்களும், துணியில் ஊசி ஏறி இறங்கும் கணக்கும் அவருக்கு வீட்டுச் சொத்து. ஒரு வடிவத்தைத் திரும்பத் திரும்ப வைத்தே ஒரு பெரிய பரப்பை அழகாக்க முடியும் என்பது அத்தொழிலில் பிறந்தவர் யாருக்கும் தெரிந்த விஷயம். அந்தப் பாடம் பிற்காலத்தில் அவருக்குக் கைகொடுத்தது.

1943-ல் லாகூருக்குச் சென்று பஞ்சாப் சர்வகலாசாலையில் பாரசீகம், அரபு, தத்துவம் ஆகியவற்றைப் படிக்கத் தொடங்கினார். ஆனால் அடுத்த ஆண்டே அவ்வூர் மேயோ கலைப் பள்ளியில் சேர்ந்தார். 1947-ல் அவர் படிப்பை முடித்த சமயம் நாடு இரண்டாயிற்று. பிறந்த சிம்லாவும் குடும்பத் தொழில் இருந்த லூதியானாவும் இந்தியாவோடு நின்றன. அவர் படித்துத் தொழில் தொடங்கிய லாகூர் பாகிஸ்தானில் சேர்ந்தது. வாலிபப் பருவத்திலேயே சொந்த ஊர் அயல்நாடாகிப் போன அனுபவம் அவருக்கு நேர்ந்தது. பிழைப்புக்காக லாகூரில் சொந்தமாக ஒரு விளம்பரச் சித்திரக்கூடம் திறந்தார். கலை பற்றிய ஒரு பத்திரிகையையும் ஆசிரியராக இருந்து நடத்தினார். உருது மொழியில் நாவல்களும் கவிதைகளும் நாடகங்களும் எழுதினார். 1952-ல் ஷாகிர் அலி, அகமது பர்வேஸ், மொயீன் நஜ்மி போன்றவர்களோடு லாகூர் கலை வட்டம் என்ற குழுவில் இருந்து, புதுமுறை ஓவியத்தை அந்நாட்டில் நிலைநாட்டப் பாடுபட்டார். முப்பது வயதை எட்டுமுன்பே அவருடைய பெயர் லாகூரில் நன்கு அறியப்பட்டிருந்தது.

இந்தக் கியாதியோடு 1956-ல் லண்டனுக்குப் பிரயாணமானார். லண்டன் சர்வகலாசாலைக் கல்லூரியைச் சேர்ந்த ஸ்லேட் கலைப் பள்ளியில் இடம் கிடைத்தது. ஊரில் பெயர் பெற்ற ஓவியர் இங்கே பலரில் ஒரு மாணவராக வகுப்பில் உட்கார வேண்டியிருந்தது. பினாங்குத் துறைமுகத்தில் வந்திறங்கி, ஊரில் இருந்த அந்தஸ்தெல்லாம் கப்பலோடு போய்விட, கடைப் பையனாக வேலை தொடங்கிய நம் பெரியவர்களுக்கு இந்த நிலை புதிதல்ல.

அங்கேதான் அந்தச் சம்பவம் நடந்தது. ஒரு மாலை கலை வரலாற்றுச் சொற்பொழிவு. பேசியவர் பேராசிரியர் கோம்ப்ரிக். 1950-ல் அவர் வெளியிட்ட கலையின் வரலாறு பற்றிய நூல் உலகெங்கும் படிக்கப்பட்டது. அவரும் வியன்னாவிலிருந்து 1936-ல் லண்டனுக்கு வந்து குடியேறியவரே. அன்று அவர் இஸ்லாமியக் கலையைப் பற்றிப் பேசும்போது, அது பயன்பாட்டுக்காகச் செய்யப்பட்ட கலை என்ற அளவில் அதை வகைப்படுத்தினார். கம்பளம் விரிப்பதற்கு, ஓடு சுவரில் பதிப்பதற்கு, எழுத்து வாசிப்பதற்கு என்ற கணக்கில் அது போயிற்று. உயர்ந்த கலை என்ற வரிசையில் அதற்கு இடம் இல்லை என்பதே ஷெம்ஸா அவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பொருள்.

சொற்பொழிவு முடியுமுன் அவர் எழுந்து வெளியே வந்துவிட்டார். வெளியே வந்த மற்ற மாணவர்களின் முகத்தில் எந்த வருத்தமும் இல்லை. அன்றிரவு தாம் அதுவரை வரைந்து வைத்திருந்த படங்களையெல்லாம் அழித்தார். இச்செய்தியைப் பின்னாளில் அவரே எழுதி வைத்திருக்கிறார். ஐரோப்பியரைப் பார்த்துக் கற்றுக்கொண்டவையே அப்படங்களில் பெரும்பகுதி என்று அவருக்கு அன்று தோன்றியது. பேராசிரியர் மேல் கோபம் வந்தது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று தம்மை நோக்கியே எழுந்தது. தம்முடையது என்று சொல்ல இந்தப் படங்களில் என்ன இருக்கிறது என்பதே அக்கேள்வி.

இவ்விடத்தில் வாசகர்கள் சற்று நின்று யோசிக்க வேண்டும். இத்தகைய அவமானம் நேரும்போது மனிதர்கள் வழக்கமாக இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். எதிராளி சொன்ன விலையே சரி என்று தலை கவிழ்வார்கள். அல்லது எங்கள் முன்னோர் செய்யாதது உண்டா என்று மேடையில் முழங்கிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குவார்கள். ஷெம்ஸா அவர்கள் இரண்டையும் செய்யவில்லை. நல்ல வியாபாரி நஷ்டம் வந்தால் கடையின் இருப்பை முதலிலிருந்து எண்ணிப் பார்ப்பது போல, தம் பாரம்பரியத்தின் இருப்பை எண்ணிப் பார்க்கப் புறப்பட்டார்.

அந்த இருப்பின் பெரும்பகுதி லண்டன் அருங்காட்சியகங்களிலேயே இருந்தது என்பது வேடிக்கை. 1539-40-ல் பாரசீகத்தில் நெய்யப்பட்ட அர்தபீல் கம்பளத்தை, விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 1893-ல் 2000 பவுன் கொடுத்து வாங்கிவைத்திருந்தது. காலால் மிதிக்க நெய்யப்பட்ட பொருளைச் சுவரில் மாட்டி அண்ணாந்து பார்த்தது அதே நகரம். பயன்பாட்டுப் பொருள் உயர்ந்த கலையாகாது என்ற வாதத்துக்கு இதைவிட நல்ல மறுப்பு வேண்டுமா?

கம்பளம், மொகலாயர் கட்டடம், அரபு எழுத்து ஆகிய மூன்றையும் துருவிப் பார்த்த ஷெம்ஸா அவர்கள் கடைசியில் இரண்டு வடிவங்களில் வந்து நின்றார். ஒன்று வட்டம், மற்றொன்று சதுரம். சதுரத்தின் மேல் வட்டம் வைத்தால் கும்மட்டம் கொண்ட கட்டடம். வட்டத்தைப் பாதியாக அறுத்து நேர்க்கோட்டோடு சேர்த்தால் எழுத்து. அடுக்கி வைத்தால் ஜன்னலின் கல் சாளரம். வரிசையாகப் பரப்பினால் கம்பளம். ஆங்கில எழுத்துக்களில் பி, டி என்ற இரண்டும் நேர்க்கோடும் வளைவும் சேர்ந்து ஆனவை என்பதைக் கண்டு, அவற்றைக் கொண்டே பல படங்கள் அமைத்தார். வட்டத்தையும் சதுரத்தையும் பற்றிய இந்த ஒரு பிரச்சினையைத் தீர்த்து முடிக்க ஓர் ஆயுள் போதாது என்பது அவர் எண்ணம். மீதமிருந்த தம் ஆயுள் முழுவதையும் அதற்கே கொடுத்தார்.

சுவிட்சர்லாந்தில் பிறந்த பால் கிளே என்ற ஓவியரின் படங்கள் இவ்விஷயத்தில் அவருக்குத் துணை நின்றன. அந்தக் கிளே 1914-ல் துனீசியாவுக்குப் போய், கைருவான் நகரின் கட்டடங்களையும் ஒளியையும் கண்டு மனம் மாறித் திரும்பியவர். மேல்நாட்டுப் புதுமை என்று உலகம் கொண்டாடியதில் ஒரு பங்கு இஸ்லாமிய நகரம் ஒன்றில் கொள்முதல் செய்யப்பட்டது. ஷெம்ஸா அவர்கள் கிளேயிடம் கற்றபோது, ஒரு வகையில் தம் வீட்டுச் சரக்கையே திரும்பப் பெற்றுக்கொண்டார் என்று சொல்லலாம்.

ஸ்லேட் பள்ளியில் அந்தோணி கிராஸ் என்பவரிடம் அச்சுச் சித்திரம் செய்யும் முறையையும் பயின்றார். மேரி என்ற ஆங்கிலப் பெண்மணியை விவாகம் செய்துகொண்டார். 1960-ல் லண்டன் காலரி ஒன் என்ற சித்திரசாலையில் அவருடைய கண்காட்சி நடந்தது. படித்ததைத் தாயகத்தில் கற்றுக்கொடுக்க வேண்டும் என்ற ஆவலோடு குடும்பத்துடன் பாகிஸ்தானுக்குத் திரும்பினார். ஆனால் அங்கே அவர் எதிர்பார்த்தபடி உத்தியோகம் அமையவில்லை. 1960-களின் தொடக்கத்தில் மறுபடியும் இங்கிலாந்து சென்று, துணைவியாரின் ஊராகிய ஸ்டாஃபோர்டில் குடியேறினார். லண்டனின் கலை உலகத்துக்கு வெகு தொலைவான சிற்றூர் அது. பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியராகச் சம்பாதித்துக் குடும்பத்தைக் காத்துக்கொண்டே, கிடைத்த நேரத்தில் படம் வரைந்தார்.

1961-ல் சதுரங்கக் காய்களை வைத்து அவர் செய்த ஓவியம் இப்போது லண்டன் டேட் சித்திரசாலையின் சேகரிப்பில் இருக்கிறது. 1964-ல் ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் அவருடைய படங்களைக் காட்சிக்கு வைத்தது. 1960-களில் மீம் என்ற பெயரில் ஒரு வரிசைப் படங்களைச் செய்தார். அரபு எழுத்தாகிய மீமை நம் பிள்ளைகள் மதரஸாவில் எழுதிப் பழகுகிறார்கள். வட்டமான தலையும் கீழே இறங்கும் வாலும் கொண்டது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருநாமம் அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது. ஸ்டாஃபோர்டில் அந்தப் படங்களைக் கண்டவர்களில் அதை எழுத்து என்று அறிந்தவர்கள் சிலரே இருந்திருப்பார்கள். மற்றவர்கள் வடிவத்தின் அழகை மட்டும் பார்த்தார்கள். இரண்டு வகையினருக்கும் அதில் பங்கு இருந்தது.

கடைசி ஆண்டுகளில் வேர்கள் என்ற வரிசையைத் தொடங்கினார். மேலே வழக்கம்போல் வட்டமும் சதுரமும் சேர்ந்த செடி போன்ற வடிவம். அதற்குக் கீழே எழுத்துப் போல் வளைந்து நெளிந்து இறங்கும் வேர்கள். ஒரு மண்ணில் பிறந்து, மற்றொரு மண்ணில் தொழில் கற்று, மூன்றாவது மண்ணில் வாழ்ந்தவர் வேரை வரைந்ததன் காரணத்தை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அப்படங்களோடு பாகிஸ்தானில் கண்காட்சி நடத்தும் எண்ணம் இருந்தது. அதற்குள் 1985-ம் ஆண்டு ஜனவரி 18-ம் தேதி காலமானார். வயது 56. அவருடைய துணைவியார் முன்னின்று அந்தப் படங்களை அவ்வாண்டே பாகிஸ்தானுக்கு எடுத்துச் சென்றார். மனிதர் திரும்பாத ஊருக்கு அவர் வரைந்த வேர்கள் போய்ச் சேர்ந்தன.

அதன் பிறகே மதிப்பு வந்தது. 1989-ல் லண்டன் ஹேவர்ட் சித்திரசாலையில், இங்கிலாந்தில் வாழ்ந்த ஆசிய, ஆப்பிரிக்க, கரீபியக் கலைஞர்களுக்காக ரஷீத் அராயீன் அமைத்த பெரிய கண்காட்சியில் ஷெம்ஸா அவர்களுக்கு இடம் கிடைத்தது. 2015-ல் டேட் பிரிட்டன் அவருடைய படங்களுக்கென்றே தனிக் காட்சி ஏற்பாடு செய்தது. அவர் அந்தச் சொற்பொழிவிலிருந்து வெளியேறிச் சுமார் அறுபது ஆண்டுகள் கழிந்திருந்தன.

இத்தகைய வரலாறு தூரதேசத்தில் மட்டும் நடப்பதல்ல. நம் நெகிரி செம்பிலான் மாநிலத்தின் லெங்கெங்கில் 1941-ல் பிறந்த லத்தீப் மொஹிதின் 1960-களில் பெர்லினுக்குப் படிக்கப் போனார். அங்கே இருந்தபோதுதான் மினாங்கபாவ் வீட்டுக் கூரையின் கொம்பு வடிவங்களும் இப்பக்கத்துக் கோயில் கோபுரங்களும் அவருடைய பாகோ பாகோ ஓவிய வரிசையில் உருவெடுத்தன. வெளியே போனவருக்குத்தான் வீட்டின் வடிவம் தெளிவாகத் தெரிகிறது போலும்.

லிங்கி ஆற்றங்கரையில் ஒரு காலத்தில் ஈயம் ஏற்றினார்கள். பின்பு ரப்பர் தோட்டங்கள் வந்தன. அவற்றில் பெரும்பகுதி இன்று செம்பனையாகிவிட்டது. சரக்கு மாறினாலும் அதன் தரம் அறிந்து வாங்கி விற்பதே நம் பிழைப்பு. ஆனால் நம் வீட்டுக்குள் இருக்கும் சரக்கின் தரம் நமக்குத் தெரியுமா? பாட்டியார் பின்னிய பாயின் வரிகளையும், பள்ளிவாசல் சாளரத்தின் கணக்கையும், உஸ்தாது எழுதிக்காட்டும் அரபு எழுத்தின் அளவையும் எப்போதாவது நின்று பார்த்திருக்கிறோமா? நாம் பாராத பொருளுக்குப் பிறர் விலை சொன்னால் மறுத்துப் பேச நம்மிடம் என்ன கணக்கு இருக்கும்?

நம் பிள்ளைகளில் ஒருவன் ரசீதுத் தாளின் பின்புறத்தில் கோடும் கட்டமும் போட்டுக்கொண்டிருந்தால், அதைப் பிடுங்கி எறியுமுன் ஒருமுறை உற்றுப் பாருங்கள். கணக்கில் தேறட்டும், வியாபாரமும் கற்கட்டும். கூடவே ஒரு பென்சிலும் இருக்கட்டும். கம்பளக்காரர் வீட்டுப் பிள்ளையும் அப்படித்தான் தொடங்கியிருக்க வேண்டும். வல்ல அல்லாஹ் அன்னாருக்கு நற்பதவி அருள்வானாக.