சந்நிதியின் பின்புறம் ஒலித்த குரல்

ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் நம் சிங்கப்பூரில் தியாகராஜர் ஆராதனை நடைபெறுகிறது. மாலை சூட்டிய தியாகராஜர் படத்தின் முன் ஆண்களும் பெண்களும் வரிசையாக அமர்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைச் சேர்ந்து பாடுகிறார்கள். நாட்டையில் தொடங்கி ஸ்ரீராகத்தில் முடியும் அந்த ஐந்து பாடல்களை நம் சங்க உறுப்பினர்களில் சிலரும் பாடியிருப்பீர்கள். அங்கே பெண்கள் பாடுவது யாருக்கும் வியப்பளிப்பதில்லை.

ஆனால் தியாகராஜர் சமாதி கொண்டுள்ள திருவையாற்றிலேயே ஒரு காலத்தில் பெண்கள் பாட அனுமதி கிடையாது. அந்தச் சமாதிக்குத் தம் சொந்தப் பணத்தில் கோயில் எழுப்பியவரே ஒரு பெண்மணி என்பதுதான் இதில் வேதனையான விந்தை. அவர்தான் பெங்களூர் நாகரத்தினம்மாள்.

கல்வியே துணை

நாகரத்தினம்மாள் 1878ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள், மைசூரை அடுத்த நஞ்சன்கூட்டில் பிறந்தார். தாயார் புட்டலட்சுமி தேவதாசி மரபைச் சேர்ந்தவர். தந்தை கைவிட்டுவிட, தாயார் வறுமையிலும் மகளின் கல்வியை விட்டுவிடவில்லை. கன்னடம், தெலுங்கு, சமஸ்கிருதம், ஆங்கிலம் ஆகிய மொழிகளை நாகரத்தினம்மாள் கற்றார். இளம் வயதிலேயே தாயையும் இழந்த அவருக்கு அந்தக் கல்விதான் துணை நின்றது.

பெங்களூரில் முனுசாமப்பா என்பவரிடம் இசை பயின்றார். முனுசாமப்பா, வாலாஜாபேட்டை கிருஷ்ணசாமி பாகவதரின் சீடர். கிருஷ்ணசாமி பாகவதரின் தந்தை வேங்கடரமண பாகவதரோ தியாகராஜரிடம் நேரடியாகப் பயின்றவர். இந்தக் குருபரம்பரையே பின்னாளில் நாகரத்தினம்மாளின் வாழ்க்கைப் பாதையை மாற்றியது.

சென்னையில் குடியேறிய பிறகு புகழும் செல்வமும் அவரைத் தேடி வந்தன. இசையோடு அவர் நின்றுவிடவில்லை. 18ஆம் நூற்றாண்டில் தஞ்சை அரசவையில் வாழ்ந்த முத்துப்பழனி என்ற பெண் கவிஞர் தெலுங்கில் இயற்றிய ‘ராதிகா சாந்த்வனம்’ என்னும் காவியத்தை 1910இல் முழுமையாகப் பதிப்பித்தார். ஒரு பெண் சிருங்காரம் பாடியதைப் பொறுக்காதவர்கள் எதிர்ப்புக் குரல் எழுப்பினர். ஆண் புலவர்கள் அதே சுவையைப் பாடினால் இலக்கியம், பெண் பாடினால் ஆபாசமா என்று அவர் வாதிட்டார். எனினும் ஆங்கிலேய அரசு அந்நூலைத் தடை செய்தது. அந்தத் தடை நீங்க 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒரு கடிதம்

1921இல் முதிய குருநாதர் முனுசாமப்பாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தியாகராஜர் 1847 ஜனவரி 6ஆம் நாள் மறைந்தபின், காவிரிக் கரையில் அவருடைய சீடர்கள் ஒரு சிறு பிருந்தாவனம் அமைத்திருந்தனர். இடையில் ஒருமுறை புதுப்பிக்கப்பட்டும் அது மீண்டும் பாழடைந்து கிடந்தது. அந்த நிலையைக் கண்டு மனம் நொந்த குரு, ஏதாவது செய்யும்படி சீடரைக் கேட்டிருந்தார்.

அப்போது நாகரத்தினம்மாளுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அவர் தயங்கவில்லை. நிலத்துக்கான அனுமதிகளைப் பெற்று, அதே ஆண்டில் திருப்பணியைத் தொடங்கினார். பாடிச் சேர்த்த செல்வம் கல்லாகவும் சுண்ணாம்பாகவும் மாறியது. தியாகராஜருக்குச் சிலையும் வடிக்கச் செய்தார். 1925 ஜனவரியில் குடமுழுக்கு நடைபெற்றது.

மூன்றாவது கட்சி

கோயில் எழும்பியது, கதவு மட்டும் திறக்கவில்லை! திருவையாற்றில் அப்போது பெரிய கட்சி, சின்ன கட்சி என இரு பிரிவினர் தனித்தனியே ஆராதனை நடத்தி வந்தனர். எதிலும் ஒத்துப்போகாத அவ்விரு கட்சியினரும் ஒன்றில் மட்டும் ஒத்துப்போயினர். அது, பெண்களைப் பாட விடக்கூடாது என்பதே.

வேறொருவராக இருந்தால் வெறுத்துப்போய்ச் சென்னைக்கே திரும்பியிருப்பார். நாகரத்தினம்மாளோ 1927இல் பெண்களைத் திரட்டிச் சந்நிதியின் பின்புறத்தில் தனி ஆராதனை தொடங்கினார். மக்கள் அதைப் பெண்கள் கட்சி என்றனர். தாம் கட்டிய கோயிலின் முன்புறம் மறுக்கப்பட்டவர், பின்புறத்தில் அமர்ந்து ஆண்டுதோறும் பாடினார். இறுதியில் 1940ஆம் ஆண்டையொட்டி மூன்று கட்சிகளும் இணைந்து ஒரே விழாவாயின. பெண்களும் சந்நிதிமுன் பாடினர். எல்லாரும் சேர்ந்து பஞ்சரத்தினம் பாடும் வழக்கமும் அக்காலத்தில்தான் நிலைபெற்றது.

அவருடைய எல்லா நிலைப்பாடுகளையும் நாம் ஏற்க வேண்டும் என்பதில்லை. தேவதாசி முறையை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பாடுபட்டபோது, நாகரத்தினம்மாள் தேவதாசிகள் சங்கத்தின் சார்பில் எதிர்த்து நின்றார். சிறுமிகளின் வாழ்வு சிதைகிறதே என்பது முத்துலட்சுமி அம்மையாரின் கவலை. கலையையும் சொத்துரிமையையும் கொண்டிருந்த பெண்கள் அனைத்தையும் இழந்து இழிசொல்லுக்கு ஆளாவார்களே என்பது இவருடைய கவலை. ஒழிப்புச் சட்டம் 1947இல் வந்தது. அந்த முறை ஒழிந்தது நன்றே என்று கருதும் நாமும், இவர் எழுப்பிய கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது.

கடைசிக் காலத்தில் திருவையாற்றிலேயே தங்கிவிட்டார். 1949இல் உயில் எழுதித் தம் உடைமைகளைத் தியாகராஜர் சந்நிதிக்கே வைத்தார். அங்கே வழிபடவும் பாடவும் வரும் பெண்களை, தேவதாசிகள் உட்பட, யாரும் தடுக்கக்கூடாது என்பது அவர் விதித்த நிபந்தனை. கல் கட்டடத்தைவிட இந்த நிபந்தனையே அவர் விட்டுச்சென்ற பெரிய நினைவுச்சின்னம் என்பேன். அதே 1949இல்தான் இங்கே சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் தொடங்கப்பட்டது. அதன் வகுப்புகளில் எத்தனையோ பெண்கள் தியாகராஜர் கீர்த்தனைகளைக் கற்றிருக்கிறார்கள்.

1952 மே 19ஆம் நாள் நாகரத்தினம்மாள் காலமானார். தியாகராஜர் சமாதிக்கு அருகிலேயே அவருக்கும் நினைவிடம் உண்டு. கைகூப்பி அமர்ந்திருக்கும் அவர் சிலை, தியாகராஜர் சந்நிதியை நோக்கியே இருக்கிறது.

பிறந்தது கன்னட நாடு, பாடியது தெலுங்குக் கீர்த்தனை, கோயில் எழுப்பியதோ தமிழ் மண். இனி ஆராதனையில் பஞ்சரத்தினம் பாட அமரும்போது, நம் சங்கத்துச் சகோதரிகளே, சகோதரர்களே, அந்தப் பாயில் நமக்கு இடம் பிடித்துத் தந்தவரையும் ஒரு நொடி நினைத்துக்கொள்வோம்.