'இன்னைக்குப் பறக்க மாட்டேன்' என்று சொல்லும் உரிமை: பாலீன் கோவரின் கதை

இரண்டாம் உலகப் போர் விமானங்கள்னு சொன்னா உடனே ஞாபகம் வர்றது என்ன? ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன், லங்காஸ்டர். அதுல ஏறிச் சண்டை போட்ட வீரர்கள். சரி, ஒரு சின்னக் கேள்வி. ஃபேக்டரியில் செய்து முடித்த விமானம் விமானப்படைத் தளத்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது? யாரோ ஒருத்தர் ஏறி உட்கார்ந்து ஓட்டிட்டுத்தானே போயிருக்கணும்?

அந்த 'யாரோ ஒருத்தர்' பிரிட்டனில் பெரும்பாலும் ராணுவத்தைச் சேர்ந்தவர் இல்லை. ஏர் டிரான்ஸ்போர்ட் ஆக்ஸிலரி, சுருக்கமாக ஏ.டி.ஏ. என்ற சிவிலியன் அமைப்பின் பைலட். விமானத்தின் துப்பாக்கியில் தோட்டா கிடையாது. பேச ரேடியோ கிடையாது. கையில் ஒரு மேப், ஒரு திசைகாட்டி, ஒரு சின்னக் குறிப்புப் புத்தகம். அவ்வளவுதான்.

அந்த அமைப்பின் பெண்கள் பிரிவைத் தொடங்கி, கடைசிவரை நடத்தியவர் பாலீன் கோவர். இவரைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் பெண்ணுரிமை பற்றிப் பேசுவார்கள். அது நியாயம்தான். ஆனால் நம்மை மாதிரி இன்ஜினியரிங் படிக்கிறவங்க கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயமும் அவர் வாழ்க்கையில் இருக்கு: பாதுகாப்பு விதிகளும், அதை நடத்திக் காட்டும் நிர்வாகமும்.

வயலின் சொல்லிக்கொடுத்துக் கற்ற பறத்தல்

1910 ஜூலை 22 அன்று இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் வெல்ஸ் நகரில் பிறந்தார் பாலீன். அப்பா சர் ராபர்ட் கோவர், நாடாளுமன்ற உறுப்பினர். வசதியான குடும்பம். ஆனால் மகள் விமானம் ஓட்டக் கற்கப் போகிறேன் என்றதும் அப்பா காசு தர மறுத்துவிட்டார். பாலீன் என்ன செய்தார் தெரியுமா? வயலின் சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்தார். அந்தப் பணத்தில் பறக்கக் கற்றார். கற்றுக்கொண்டதோடு நிற்காமல், பயணிகளைக் காசு வாங்கி ஏற்றிச் செல்ல அனுமதிக்கும் வணிக லைசென்ஸையும் வாங்கினார். மகள் பின்வாங்க மாட்டாள் என்று புரிந்த அப்பா, 21ஆவது பிறந்தநாளுக்கு ஒரு ஸ்பார்டன் விமானத்தையே பரிசாகக் கொடுத்தார். அப்பாக்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் போல!

அடுத்து ஒரு நல்ல கூட்டணி அமைந்தது. டோரதி ஸ்பைசர் என்ற தோழி விமானப் பராமரிப்பு இன்ஜினியர். அந்தத் துறையில் ஏ, பி, சி, டி என்ற நான்கு லைசென்ஸ்களையும் பெற்ற முதல் பெண். பாலீன் ஓட்டுவார், டோரதி இன்ஜினைப் பார்த்துக்கொள்வார். நம்ம ஊர்த் திருவிழாவில் ராட்டினம் சுற்றுவது போல, ஊர் ஊராகப் போய், மக்களைக் காசுக்கு ஏற்றி ஒரு ரவுண்டு அடித்து இறக்குவதுதான் தொழில். இப்படி 30,000க்கும் மேற்பட்டவர்களை ஏற்றி இறக்கியிருக்கிறார் பாலீன்.

கேட்கும்போது ஜாலியா இருக்கு இல்ல? ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு நாளில் பல முறை டேக்-ஆஃப், பல முறை லேண்டிங். அதுவும் வயல்வெளிகளில். ஏறும் ஒவ்வொருவரும் விமானத்தைப் பற்றி எதுவும் தெரியாதவர். 1936இல் கோவென்ட்ரி விமான நிலையத்தில், தரையில் இருக்கும்போதே பாலீனின் விமானம் இன்னொரு விமானத்துடன் மோதி, தலையில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். வானத்தில் நடப்பது மட்டும் விபத்து இல்லை என்று சொந்த உடம்பில் தெரிந்துகொண்டவர் அவர்.

அனுபவத்தை அரசும் கவனித்தது. தாழப் பறக்கும் விமானங்களுக்கான பாதுகாப்பு விதிகளை ஆராய லார்ட் கோரெல் தலைமையில் அமைக்கப்பட்ட குழுவில் பாலீனும் உறுப்பினர். 1938இல் சிவில் ஏர் கார்ட் என்ற தன்னார்வத் திட்டம் வந்தது. சாதாரணப் பொதுமக்களுக்கு, ஆண் பெண் இருபாலருக்கும், மிகக் குறைந்த கட்டணத்தில் ஃப்ளையிங் கிளப்களில் பயிற்சி. பதிலுக்கு, நாட்டுக்கு அவசரம் என்றால் உதவ வரவேண்டும். அதன் ஆணையர்களில் ஒருவராகவும் பாலீன் இருந்தார். ஆக, போர் வருவதற்கு முன்பே அவருக்கு விமானமும் தெரியும், கமிட்டி அறையும் தெரியும்.

எட்டே எட்டு பேர்

1939இல் போர் தொடங்கியது. ஜெரார்ட் டி'எர்லாங்கர் என்பவரின் யோசனையில் ஏ.டி.ஏ. உருவானது. வயது கூடியதாலோ உடல் குறையாலோ விமானப்படை எடுக்காத ஆண் பைலட்டுகளைப் பயன்படுத்திக்கொள்வதுதான் முதல் திட்டம். ஒரு கை, ஒரு கண் இழந்தவர்கூட அங்கே பைலட்டாக இருந்தார். பெண்களையும் சேருங்கள் என்று வாதாடி, அதற்கு அனுமதியும் பொறுப்பும் வாங்கினார் பாலீன்.

1940 ஜனவரி 1 அன்று ஹாட்ஃபீல்டில் எட்டுப் பெண்களுடன் வேலை ஆரம்பம். கொடுக்கப்பட்டவை டைகர் மாத் பயிற்சி விமானங்கள் மட்டும். மேலே மூடி இல்லாத காக்பிட். கடுங்குளிரில் அதை ஸ்காட்லாந்து வரை ஓட்டிக் கொண்டுபோய் விட வேண்டும். சம்பளம் ஆண்களைவிட 20 சதவீதம் குறைவு. போதாக்குறைக்கு, பெண்களுக்கு எதுக்குய்யா இந்த வேலை என்று பத்திரிகைகளில் திட்டு வேற.

பாலீனுக்கு ஒரு கணக்கு தெளிவாகத் தெரிந்திருந்தது. ஒரு ஆண் பைலட் விமானத்தை மோதினால், அது அவர் செய்த தவறு. ஒரு பெண் பைலட் மோதினால், அது பெண்கள் எல்லாரும் செய்த தவறு. அதனால் முதல் எட்டு பேரைத் தேர்ந்தெடுக்கும்போதே நூற்றுக்கணக்கான மணி நேரம் பறந்த அனுபவசாலிகளாகப் பார்த்து எடுத்தார். சாகசம் காட்டுபவர்கள் வேண்டாம், ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்கள் போதும் என்பது அவர் கொள்கை. பெரிய விமானம் கொடுங்கள் என்று மேலிடத்தில் கேட்கும்போது அவர் கையில் இருந்த வலுவான ஆயுதம் இதுதான்: விபத்தில்லாத ரெக்கார்ட்.

அது வேலை செய்தது. 1941 ஜூலையில் பெண்களுக்கு ஹரிக்கேன் ஓட்ட அனுமதி கிடைத்தது. அடுத்து ஸ்பிட்ஃபயர். பிறகு இரட்டை இன்ஜின். கடைசியில் நான்கு இன்ஜின் குண்டுவீச்சு விமானங்கள் வரை, ஒவ்வொரு படியாக.

ஒரு அட்டையில் ஒரு விமானம்

இப்போ கொஞ்சம் டெக்னிக்கலா பார்ப்போம். ஏ.டி.ஏ. மொத்தம் 147 வகை விமானங்களைக் கையாண்டது. காலையில் ஒரு பைலட்டுக்கு ஸ்பிட்ஃபயர், மதியம் வெலிங்டன், சாயங்காலம் பெயர் மட்டுமே கேள்விப்பட்ட ஏதோ ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனிப் பயிற்சி கொடுத்தால் போரே முடிந்துவிடும். என்ன செய்வது?

விமானங்களை ஆறு வகுப்புகளாகப் பிரித்தார்கள். சின்ன ஒற்றை இன்ஜினில் ஆரம்பித்து, நான்கு இன்ஜின், கடல் விமானம் வரை. ஒரு வகுப்பில் ஒரு விமானத்தில் பயிற்சி பெற்றுத் தேறினால், அந்த வகுப்பில் உள்ள எல்லாவற்றையும் ஓட்டலாம். அனுபவம் போதும் என்று உறுதியான பிறகுதான் அடுத்த வகுப்பு. அவசரப்பட்டு யாரையும் மேலே தள்ளுவதில்லை.

மீதி வேலையைச் செய்தது அந்தக் குறிப்புப் புத்தகம். கைக்கு அடங்கும் அட்டைகள், வளையத்தில் கோத்தவை. ஒரு விமானத்துக்கு ஒரு அட்டை. டேக்-ஆஃபுக்கு என்ன செட்டிங், எந்த வேகத்தில் ஃப்ளாப் இறக்கலாம், எந்த வேகத்தில் தரை தொட வேண்டும், இந்த மாடலின் கெட்ட குணம் என்ன. தேவையானது மட்டும், தேவையான வரிசையில். ஹைட்ராலிக்ஸ், டிரிம்மர், த்ராட்டில், மிக்ஸர், பிட்ச், பெட்ரோல் என்று போகும் பொதுவான செக்லிஸ்ட்டுக்கு ஒரு கிண்டலான நினைவு வாக்கியம்கூட வைத்திருந்தார்கள். நாம் ஃபார்முலாவுக்கு வைப்போமே, அதே மாதிரி!

'முடியாது' என்பதும் ஒரு விதி

ஏ.டி.ஏ.வின் அடிப்படை விதி எளிமையானது. தரை கண்ணுக்குத் தெரிய வேண்டும். மேகம் 800 அடிக்குக் கீழே இறங்கிவிட்டாலோ, 2,000 கெஜத்துக்கு அப்பால் பார்வை போகாவிட்டாலோ, கிளம்பக் கூடாது. சாகசச் சுழற்சிகளுக்குத் தடை. விபத்து நடந்தால் ஒரு குழு விசாரித்து, பைலட் மேல் தவறா இல்லையா என்று எழுதி வைக்கும்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. வானிலையைப் பார்த்துக் கிளம்பலாமா வேண்டாமா என்ற கடைசி முடிவு பைலட்டுடையது. தளத் தலைவர் போகாதே என்று நிறுத்தலாம், போ என்று கட்டாயப்படுத்த முடியாது. போர்க்காலத்தில், தளத்தில் விமானத்துக்காகக் காத்திருக்கும்போது, இப்படி ஒரு உரிமையை ஒரு சிவிலியனுக்குக் கொடுத்துவைத்தது சாதாரண விஷயம் இல்லை.

விதிகள் எல்லாமே சரியாக இருந்தன என்று சொல்ல முடியாது. கருவிகளை மட்டும் பார்த்து மேகத்துக்குள் பறக்கும் பயிற்சியை ஏ.டி.ஏ. வேண்டுமென்றே கொடுக்கவில்லை. தெரிந்தால் மேகத்துக்குள் நுழையும் ஆசை வரும் என்பது காரணம். தெரியாமல் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பது எதிர்வாதம். அங்கே பணியாற்றிய பைலட்டுகளிலேயே இதைக் குறை சொன்னவர்கள் உண்டு.

1941 ஜனவரி 5. இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்து உலகப் புகழ் பெற்ற ஏமி ஜான்சன், ஏ.டி.ஏ. பைலட்டாக ஒரு ஆக்ஸ்ஃபோர்ட் விமானத்தை பிளாக்பூலிலிருந்து எடுத்துக் கிளம்பினார். மோசமான வானிலை. போக வேண்டிய இடத்தை விட்டு வெகுதூரம் விலகி, தேம்ஸ் கழிமுகத்தில் பாராசூட்டில் குதித்தார். உடல் கிடைக்கவே இல்லை. அவரைக் காப்பாற்றத் தண்ணீரில் குதித்த கப்பல் அதிகாரியும் இறந்துபோனார். ஏமி, பாலீனின் பழைய தோழி. பறக்கக் கற்ற காலத்திலிருந்தே தெரியும். எவ்வளவு பெரிய திறமைசாலியாக இருந்தாலும் மேகத்துக்குச் சலுகை தெரியாது.

முதல் எட்டு பேரில் ஒருவரான மார்கரெட் ஃபேர்வெதர் 1944இல் இன்ஜின் நின்றுபோனதால் நடந்த விபத்தில் இறந்தார். ஏ.டி.ஏ.வில் பறந்த பெண்கள் 168 பேர். அவர்களில் சுமார் 15 பேர் உயிரிழந்தார்கள். விதி எல்லா மரணத்தையும் தடுக்காது. ஆனால் 3 லட்சத்துக்கும் அதிகமான டெலிவரிகளை, ரேடியோ இல்லாமல், தெரியாத விமானங்களில் செய்து முடித்தவர்கள் ஏ.டி.ஏ. பைலட்டுகள். அந்த அட்டைகளும் வகுப்புகளும் இல்லாமல் இருந்திருந்தால்? கணக்குப் போட்டுப் பார்க்கவே பயமா இருக்கு.

சமமான வேலை, சமமான சம்பளம்

நாற்காலியில் உட்கார்ந்து பாலீன் ஜெயித்த இன்னொரு போர் இருக்கிறது. அதே விமானம், அதே ஆபத்து, ஆனால் 20 சதவீதம் குறைவான சம்பளம். கோஷம் போடாமல், சேர்ந்துவரும் டெலிவரிக் கணக்கை முன்னால் வைத்துக்கொண்டே கேட்டார். நாடாளுமன்றத்திலும் ஆதரவு திரட்டினார். 1943இல் ஏ.டி.ஏ. பெண்களுக்கு ஆண்களுக்கு இணையான சம்பளம் வந்தது. அந்தக் காலத்தில் அரசுப் பணத்தில் நடக்கும் ஓர் அமைப்பு இப்படிச் செய்தது மிக அபூர்வம். அதே ஆண்டு பி.ஓ.ஏ.சி. விமான நிறுவனத்தின் இயக்குநர் குழுவிலும் பாலீனுக்கு இடம் கிடைத்தது.

போர் முடிந்தது. 1945இல் கல்யாணம். அதே ஆண்டு நவம்பரில் ஏ.டி.ஏ. கலைக்கப்பட்டது. 1946 டிசம்பரில் டோரதி ஸ்பைசர் தன் கணவருடன் பிரேசிலில் நடந்த விமான விபத்தில் இறந்தார். அடுத்த சில வாரங்களில், 1947 மார்ச் 2 அன்று, இரட்டைக் குழந்தைகளைப் பெற்ற அன்றே பாலீனும் இறந்துபோனார். வயது 36. ஆயிரக்கணக்கான முறை பத்திரமாகத் தரையிறங்கியவர். குழந்தைகள் இருவரும் பிழைத்தார்கள்.

லேப்ல கண்ணாடி போடு, பவரை ஆஃப் பண்ணிட்டுக் கை வை, ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடு என்று சொன்னால் நமக்கெல்லாம் கடுப்பாகத்தான் இருக்கும். ட்ரோன் கிளப்போ, ஃபார்முலா கார் டீமோ, நாளைக்கு நீங்களே ஒரு குழுவை நடத்தும்போது இந்த மூன்றையும் கேட்டுப் பாருங்கள். புதிதாக வரும் ஜூனியருக்குக் கையில் கொடுக்க ஒரு அட்டை இருக்கிறதா? அடுத்த படிக்கு யாரை எப்போது ஏற்றுவது என்று தெளிவாக இருக்கிறதா? எல்லாவற்றையும்விட, இன்னைக்கு வேண்டாம், சரியில்லை என்று அந்த ஜூனியர் சொன்னால், உங்கள் குழுவில் யாரும் சிரிக்காமல் இருப்பார்களா?