கள்ளுக்கடைகளுக்கு பூட்டு போட்ட ஓமந்தூரார்: பானையில் சுண்ணாம்பு தடவிய பனையேறிகள்

செஞ்சி:

செஞ்சி என்றாலே ராஜா தேசிங்கு ஞாபகம்தான் வரும். ஆனால் இந்த பக்கத்து பனையேறி குடும்பங்களின் பிழைப்பையே புரட்டிப் போட்டவர் ராஜா அல்ல, ஒரு விவசாயி. திண்டிவனம் அருகே ஓமந்தூரில் 1895-ல் பிறந்த ராமசாமி ரெட்டியார்தான் அவர்.

காந்தி வழியில் சுதந்திர போராட்டத்தில் குதித்தவர். வள்ளலார் பக்தர். 1947 மார்ச்சில் சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார். முதல்-மந்திரியை அப்போது அப்படித்தான் சொல்வார்கள்.

அந்த காலத்தில் கள் இறக்குவது குடும்பத் தொழில். மெஷினும் கிடையாது, பாக்டரியும் கிடையாது. ஆம்பளை காலையும் மாலையும் மரம் ஏறி பாளை சீவுவார். பானையில் சொட்டும் சாறு சில மணி நேரத்தில் தானாக புளித்து கள்ளாகிவிடும். பானைக்குள் சுண்ணாம்பு தடவினால் புளிக்காது, அது பதநீர். கள்ளுக்கும் பதநீருக்கும் வித்தியாசம் அந்த சுண்ணாம்புதான்!

மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம் என்று அரசு கஜானாவுக்கும் கோடிக்கணக்கில் பணம் கொட்டியது. மதுவிலக்கை 1937-ல் சேலத்தில் ராஜாஜி ஆரம்பித்து வைத்தார். யுத்த காலத்தில் அது நின்றுபோனது. 1946-ல் இருந்து மறுபடியும் மாவட்டம் மாவட்டமாக வந்தது. 1948 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளில் மாகாணம் முழுவதும் கடைகளை மூட வைத்தார் ஓமந்தூரார். வருமானம் போகுதே என்று அவர் தயங்கவில்லை.

குடிகார புருஷனிடம் அடி வாங்கிய பெண்களுக்கு அது நிம்மதி. மரம் ஏறியவனுக்கோ அடுப்பு எரிவதே கஷ்டம். பதநீர் இறக்க லைசென்ஸ் கொடுத்தார்கள், வெல்லம் காய்ச்ச கூட்டுறவு சங்கங்கள் வந்தன. பதநீரை மணிக்கணக்கில் காய்ச்சும் வேலை வீட்டு பொம்பளைங்க தலையில் விழுந்தது. விறகு செலவு வேறு. பக்கத்தில் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த பாண்டிச்சேரியில் மதுவிலக்கு இல்லை என்பது தனிக்கதை.

ஆலய நுழைவு சட்டம், தேவதாசி ஒழிப்பு சட்டம், ஜமீன் ஒழிப்பு சட்டம் எல்லாம் ஓமந்தூரார் ஆட்சியில் வந்தவைதான். சிபாரிசு அவரிடம் செல்லாது. அது சொந்தக் கட்சியிலேயே பலருக்கு பிடிக்கவில்லை. 1949 ஏப்ரலில் பதவியை விட்டு விலகினார். பிறகு வடலூர் பக்கம் ஒதுங்கிவிட்டார்.

1970 ஆகஸ்டில் இறந்தார். அடுத்த வருஷமே மதுவிலக்கு தளர்த்தப்பட்டு கள்ளுக்கடைகள் திறந்தன. பிறகு மூடினார்கள், 1981-ல் மறுபடி திறந்தார்கள். 1987 ஜனவரி 1-ந்தேதி கள்ளுக்கு மீண்டும் தடை வந்தது. 2003-ல் சீமைச்சரக்கு சில்லறை விற்பனையை டாஸ்மாக் கையில் எடுத்தது. பனையேறி பானையில் மட்டும் சுண்ணாம்பு!